நாய்க்குப் பாகற்காய் கொடுக்கலாமா? காயைவிடப் பொடியைக் கண்டு பயப்படுங்கள்

கேள்வி: எங்கள் லேப்ரடாருக்கு ஆறு வயது, எடை 30 கிலோ. பாகற்காய் நறுக்கும்போது கீழே விழும் துண்டுகளை ஓடிவந்து தின்றுவிடுகிறது. இதுவரை ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒருவர் விஷம் என்கிறார், இன்னொருவர் மருந்து என்கிறார். குட்டியை எங்களுக்கு விற்றவரோ, வாரம் இருமுறை பாகற்காய்ச் சாறு கொடுத்தால் வயிற்றுப் புழு ஒழியும், ரத்தம் கசந்து உண்ணி ஒட்டாது, சர்க்கரை நோய் கிட்டவே வராது என்று சொல்லி, ஒரு டப்பா பாகல் பொடியும் தந்திருக்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கீழே விழுந்த துண்டை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் வளர்ந்த நாய், பாகற்காயின் சதைப்பகுதியை ஓரிரு துண்டு தின்றால் ஆபத்து எதுவும் இல்லை. கொஞ்சம் அதிகமாகப் போனால் எச்சில் ஒழுகும், ஒருமுறை வாந்தி எடுக்கும், மறுநாள் மலம் இளகிப் போகும். குடிக்கத் தண்ணீர் வைத்து, ஒருவேளை சாப்பாட்டைக் குறைத்துக் கொடுத்தால் தானாகச் சரியாகிவிடும்.

பொடியைக் கொடுக்காதீர்கள். சாற்றையும் கொடுக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன், ஏனென்றால் உங்களிடம் அந்த டப்பாவைக் கொடுத்தவர் சொன்ன மூன்று காரணங்களில் ஒன்றுகூட உண்மையில்லை.

அதற்கு முன் காயைப் பற்றி இரண்டு வார்த்தை. விதையை மட்டும் தின்ன விடாதீர்கள். பழுத்த பாகலில் விதையைச் சுற்றிச் சிவப்பாக, இனிப்பாக ஒரு சதை இருக்கும். கசப்பை வெறுக்கும் நாய்கூட அதை நக்கித் தின்னும். அதைத் தின்ற சிறு குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்ததாகப் பதிவுகள் உண்டு. விதைக்குள்ளோ, உடலின் செல்கள் புரதம் தயாரிப்பதையே தடுக்கக்கூடிய மொமார்ச்சரின் என்ற பொருள் இருக்கிறது. ஆகவே பழுத்ததை நாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சினை நாய்க்கும் குட்டிக்கும் பாகற்காயே வேண்டாம்.

நாய் ஆசைப்படுகிறது, கொடுத்துத்தான் பார்ப்போமே என்றால், விதையை எடுத்துவிட்டு, வெறும் தண்ணீரில் வேகவைத்து, உப்பு காரம் எதுவும் சேர்க்காமல், கட்டைவிரல் அளவு ஒரு துண்டு கொடுங்கள். தின்னவில்லையா, விட்டுவிடுங்கள். நாயின் நாக்குக்குக் கசப்பு நன்றாகவே தெரியும். மேசைக்காலைக் கடிக்காமல் இருக்கக் கசப்பு மருந்து தெளிக்கிறார்களே, அது இதனால்தான். துப்பியதை மறுபடி வாயைத் திறந்து திணிப்பதையும், கறிக்குள் ஒளித்துவைத்துக் கொடுப்பதையும் நான் அடிக்கடி பார்க்கிறேன். எதற்கு? வைட்டமின் சி நிறைய இருக்கிறதாம். இருக்கிறது, 100 கிராம் காயில் சுமார் 80 மில்லிகிராம். ஆனால் நாய் தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தன் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்ளும். மனிதனுக்குத்தான் அந்த வசதி கிடையாது. மனிதனுக்கு நல்லது என்பதை அப்படியே நாய்க்கும் ஒட்டிவிடும் விளம்பரத்தைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் உங்கள் சமையலறையில் கவனிக்க வேண்டியது சமைத்த பாகற்காயைத்தான். கசப்பை அடக்க நாம் அதில் வெங்காயத்தையும் பூண்டையும் தாராளமாகப் போடுகிறோம். அவை இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை. ஒரு கிலோ உடல் எடைக்கு 15 கிராம் வெங்காயம் உள்ளே போனாலே ரத்தத்தில் மாற்றம் தெரிய ஆரம்பிக்கலாம். அதாவது ஐந்து கிலோ நாய்க்கு 75 கிராம், ஒரு நடுத்தர வெங்காயம். உங்கள் 30 கிலோ நாய்க்கு அது ஒரே நாளில் சேராது என்று நினைப்பீர்கள். தினமும் தட்டில் மிஞ்சியதைப் போட்டால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். பூண்டு அதைவிடக் கடுமையானது. வேகவைத்தாலும் வறுத்தாலும் பொடித்தாலும் அந்த நஞ்சு போகாது. தின்ற அன்றே தெரியவும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் பழுப்பாகப் போய், நாய் சோர்ந்து படுத்த பிறகுதான் கொண்டுவருகிறார்கள். அப்போது "பாகற்காய் தின்றது டாக்டர், அதனால்தான்" என்கிறார்கள். பாவம், அந்தக் காய் என்ன செய்தது? புளி ஊற்றிச் செய்ததையும் கொடுக்காதீர்கள். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பதற்கு அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று 2021-இல் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் சுட்டிக்காட்டினார்கள். புளியிலும் அந்த அமிலம் நிறையவே உண்டு.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். பாகல் கசப்பது இயல்பு. சுரைக்காயோ வெள்ளரியோ கசந்தால் அது இயல்பில்லை. அந்தக் கசப்பு குகுர்பிடாசின் என்ற நஞ்சு, சமைத்தாலும் அழியாது. "பாகற்காயே தின்கிறது, கசப்பான வெள்ளரி தின்றால் என்ன" என்று போட்டுவிடாதீர்கள். நாய்க்கு வெள்ளரி நறுக்கும்போது நுனியில் ஒரு துண்டை நீங்களே நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் குப்பையில் போடுங்கள்.

சரி, இப்போது அந்த டப்பாவுக்கு வருவோம்.

பாகல் சாற்றால் புழு ஒழியும் என்பதை நம்பிக் குட்டியை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சாறு கொடுத்ததும் வயிற்றுப்போக்கு வரும். அதோடு ஒன்றிரண்டு உருளைப்புழு வெளியே வந்து விழும். பார்த்தவர்களுக்கு மருந்து வேலை செய்துவிட்டது என்று தோன்றும். கொக்கிப்புழுவோ குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதை எந்தக் கசப்பும் அசைக்காது. இரண்டு மாதக் குட்டிக்கு அந்த ரத்த இழப்பு உயிர் போகும் விஷயம். நாடாப்புழு தெள்ளுப்பூச்சி வழியாக வருவது. ஆசனவாயைச் சுற்றி அரிசி மணி போல ஒட்டியிருந்தால் அதுதான். தெள்ளுப்பூச்சியை ஒழிக்காமல் குடலை மட்டும் கழுவிப் பயனில்லை. உருளைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் பைரான்டெல், ஃபென்பென்டசோல் போன்ற மருந்துகள் இருக்கின்றன, நாடாப்புழுவுக்குப் பிராசிக்வான்டெல் இருக்கிறது. குட்டிக்கு இரண்டு வார வயதில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எட்டு வாரம் வரை, அப்புறம் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, வளர்ந்த நாய்க்குப் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை. எடை பார்த்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. உருளைப்புழுவின் முட்டை மண் வழியாக வீட்டுக் குழந்தைகளின் வயிற்றுக்கும் போகும் என்பதால் இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

உண்ணிக்கு ரத்தத்தின் ருசி ஒரு பொருட்டே கிடையாது. நாயின் உடல் சூட்டையும் வாசனையையும் அது விடும் மூச்சுக்காற்றையும் தேடித்தான் வந்து ஏறுகிறது. சாப்பிட்ட காயால் ரத்தம் கசப்பதும் இல்லை. பொடியை நம்பி உண்ணி மருந்தை நிறுத்தினால் உண்ணிக்காய்ச்சலில்தான் போய் முடியும்.

குட்டி விற்பவர் குட்டியோடு ஒரு பொடி, ஒரு சிரப், ஒரு எண்ணெய் என்று கையில் திணிப்பது எங்கும் நடக்கிறது. தடுப்பூசி அட்டையைக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுவார்கள். அந்த டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஒரு கரண்டியில் எவ்வளவு பாகல், விதையோடு அரைத்ததா விதை நீக்கியதா, எத்தனை கிலோ நாய்க்கு எவ்வளவு, வேறென்ன கலந்திருக்கிறது என்று ஏதாவது தெளிவாக எழுதியிருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. பல நாடுகளில் மருந்து என்று விற்றால் அது வேலை செய்வதை நிரூபிக்க வேண்டும். துணை உணவு என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டால் அந்தக் கேள்வியையே யாரும் கேட்பதில்லை. இதை ஒழுங்குபடுத்த வேண்டியவர்கள் எத்தனை ஆண்டுகளாகத்தான் வேடிக்கை பார்ப்பார்கள் என்று தெரியவில்லை. விளைவு எங்கள் மேசைக்குத்தான் வருகிறது, அதுவும் தாமதமாக வருகிறது.

மூன்றாவது, சர்க்கரை நோய். உங்கள் நாய்க்கு அது இல்லை. ஆனாலும் இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாகற்காய் உயிரோடு விளையாடுவது இந்த ஓர் இடத்தில்தான்.

மனிதர்களில் பெரும்பாலோருக்கு வரும் சர்க்கரை நோயில் உடல் இன்சுலினைச் சுரக்கும், ஆனால் அது சரியாக வேலை செய்யாது. நாய்களுக்குப் பெரும்பாலும் வருவது வேறு. கணையம் இன்சுலின் சுரப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிடும். அதனால்தான் மனிதர்கள் சாப்பிடும் சர்க்கரை மாத்திரைகூட பெரும்பாலான நாய்களுக்குப் பயன்படுவதில்லை. தினமும் 12 மணி நேர இடைவெளியில் இரண்டு இன்சுலின் ஊசி, அதுவும் சாப்பாட்டோடு சேர்த்து. வேறு வழி கிடையாது. 1889-இல் கணையத்தை எடுத்த நாய்க்குச் சர்க்கரை நோய் வந்ததை வைத்துத்தான் காரணமே புரிந்தது. 1921-இல் டொராண்டோவில் பேன்டிங், பெஸ்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இன்சுலினை நாய்களில்தான் சோதித்தார்கள். நாய்களால் நமக்குக் கிடைத்த மருந்தை நாய்க்கே மறுத்துவிட்டுச் சாறு பிழிந்து கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பொறுப்பதில்லை.

பாகலில் சர்க்கரையைக் குறைக்கும் பொருட்கள் இருப்பது உண்மைதான். சிக்கலே அங்கேதான். சாறு கொடுக்கிறோமே என்று ஊசியின் அளவைக் குறைப்பவர்கள் உண்டு. சர்க்கரை ஏறி, உடம்பில் கீட்டோன் என்ற அமிலப் பொருள் சேர்ந்து, நாய் வாந்தியோடு சுருண்டு விழும். ஊசியையும் குறைக்காமல் சாற்றையும் கூட்டுபவர்கள் உண்டு. இன்றைய காயில் எவ்வளவு வீரியம், நாளைய காயில் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் மருத்துவர் அளந்து வைத்த ஊசிக் கணக்கு குலைந்துபோகும். மூன்றாவது வகைதான் நான் மிகவும் பயப்படுவது. ஊசியைப் போட்டுவிட்டு, சாறு கலந்த சாப்பாட்டை வைப்பார்கள். கசக்கிறதே என்று நாய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஊசி உள்ளே போய்விட்டது, சாப்பாடு போகவில்லை. நாயின் ரத்தச் சர்க்கரை சாதாரணமாக ஒரு டெசிலிட்டருக்கு 80-இலிருந்து 120 மில்லிகிராம் வரை இருக்கும். 60-க்குக் கீழே இறங்கினால் தள்ளாடும், நடுங்கும், வலிப்பு வரும். அப்போது சர்க்கரைப் பாகையோ தேனையோ ஈறில் தடவிக்கொண்டே உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். தொண்டைக்குள் ஊற்றாதீர்கள், புரையேறும். சர்க்கரை சேர்க்காதது என்று எழுதிய பாகைத் தொடவே தொடாதீர்கள். அதில் சைலிட்டால் என்ற மாற்று இனிப்பு இருந்தால் நாயின் சர்க்கரையை இன்னும் கீழே தள்ளும். 30 கிலோ நாய்க்கு மூன்று கிராம் சைலிட்டால் போதும், ஆபத்து தொடங்கிவிடும்.

"எங்கள் பெண் நாய்க்குச் சாறு கொடுத்தோம், சர்க்கரை நோயே போய்விட்டது" என்று ஒருவர் சொல்லலாம். பொய் சொல்லவில்லை. பெண் நாய்களில் சிலவற்றுக்கு, இணைசேரும் பருவம் வந்துபோன ஒவ்வொரு முறையும் ஏறும் ஹார்மோனால் சர்க்கரை நோய் வரும். கருத்தடை அறுவை செய்ததும் அது தணிந்துவிடலாம். அறுவையும் சாறும் ஒரே மாதத்தில் நடந்திருக்கும். பெயர் சாற்றுக்குப் போய்விடும், அந்தச் சாற்றை விற்பவருக்கு அடுத்த வாடிக்கையாளர் கிடைத்துவிடுவார். ஆகவே உங்கள் நாய் திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்தாலோ, அடிக்கடி சிறுநீர் கழித்தாலோ, நன்றாகத் தின்றும் இளைத்தாலோ, முதலில் ரத்தப் பரிசோதனை. சமையலறையில் தீர்வு தேடாதீர்கள்.

பாகற்காய் தின்ற நாயை எப்போது தூக்கிக்கொண்டு வர வேண்டும்? மூன்று முறைக்கு மேல் வாந்தி எடுத்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், தள்ளாடினால், ஈறு வெளுத்தால், பழுத்த பழத்தை விதையோடு நிறையத் தின்றிருந்தால். வழியில் யாராவது உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வையுங்கள் என்றால் கேட்காதீர்கள். உப்பு மூளையைப் பாதித்து நாய் இறந்த சம்பவங்கள் உண்டு.

அந்த டப்பாவை இப்போதே வீசிவிட வேண்டாம். ஒருவேளை ஏற்கெனவே கொடுத்திருந்தால் எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் குறித்து, டப்பாவோடு உங்கள் கால்நடை மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். கடைசியாக எப்போது புழு மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்பார். பொடியை நம்பி அதைத் தள்ளிப்போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். முடிந்தால் அன்று காலை மலத்தில் ஒரு சிறு பகுதியை மூடிய டப்பியில் கொண்டுபோங்கள், அங்கேயே நுண்ணோக்கியில் பார்த்துவிடலாம்.