வெந்நீர் ஊற்றுக் குளியல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இயற்கை வெந்நீர் ஊற்றில் எவ்வளவு நேரம் இருக்கலாம்?

நேரத்தைக் கேட்பதற்கு முன் வெப்பநிலையைக் கேளுங்கள். 37 அல்லது 38 டிகிரி செல்சியஸ் என்றால், உடல்நலம் உள்ளவர் கால் மணி நேரம் இருக்கலாம். 40 டிகிரி என்றால், முதல்முறை இறங்குபவருக்குப் பத்து நிமிடமே போதும். அதற்கு மேற்பட்ட சூட்டை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரே குளத்திலும் சூடு சீராக இராது என்பதால், ஊற்றுநீர் வந்து விழும் வாய்ப்பகுதியை விட்டு விலகியே அமருங்கள்.

கேள்வி: ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். குளிக்கலாமா?

மருத்துவரிடம் கேட்ட பிறகே இறங்குங்கள். சுடுநீரில் தோலை ஒட்டிய ரத்தக் குழாய்கள் விரிவதால் அழுத்தம் இறங்கும். மாத்திரையும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கையில், சட்டென எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வரும். ஆகவே, எழுவதற்கு முன் படியில் சற்று நேரம் அமர்ந்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறுங்கள். மது அருந்திவிட்டு இறங்குவது யாருக்குமே ஆபத்து. கருவுற்றவர்கள், குறிப்பாக முதல் மூன்று மாதங்களில், சுடுநீர்க் குளத்தைத் தவிர்ப்பதே நல்லது.

கேள்வி: குளித்து எழுந்தபோது வெள்ளிக் கொலுசு கறுத்திருந்தது. நீர் கெட்டதா?

இல்லை. ஊற்றுநீரில் வீசும் அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெள்ளியோடு வினைபுரிந்து, சில்வர் சல்பைடு என்னும் கரும்படலத்தை உண்டாக்குகிறது. கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, கொலுசை அதன்மேல் படும்படி வைத்து, சமையல் சோடா கலந்த சுடுநீரை ஊற்றினால் பெரும்பாலும் பழைய நிறம் திரும்பிவிடும். கொலுசைவிட நான் கவலைப்படுவது காற்றோட்டமில்லாத குளியலறைகளைப் பற்றித்தான். இந்த வாயு காற்றைவிடக் கனமானது; செறிவு மிகும்போது மோப்ப உணர்வே மரத்துப்போகும் என்பதால், நாற்றம் தெரியவில்லை என்பது வாயு இல்லை என்பதற்குச் சான்றாகாது. தலைவலியோ கண்ணெரிச்சலோ தோன்றினால் உடனே வெளியேறிவிடுங்கள்.

கேள்வி: தலை முழுகலாமா?

வேண்டாம். தலை முழுகினால்தான் குளித்த நிறைவு என்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆயினும், நெக்லீரியா ஃபௌலரி என்னும் அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்கிறது. மூக்கின் வழியே ஏறி மூளையைத் தாக்கும் இந்நோய் மிக அரிது என்றாலும், வந்தால் பிழைப்பவர் வெகு சிலரே. குழந்தைகள் மூக்கில் நீர் ஏறும்படி விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிறகு நல்ல தண்ணீரில் குளிக்க வேண்டுமா?

அமிலத்தன்மை மிக்க ஊற்று என்றாலோ, எளிதில் அரிக்கும் தோல் என்றாலோ கட்டாயம் குளியுங்கள். மற்றபடி அது உங்கள் விருப்பம்.