தலைமை நிர்வாகிக்கு 30 வருட அனுபவம் என்றால் பழைய காப்புறுதியை விட்டுவிடலாமா?

கேள்வி: திருகோணமலை மத்திய வீதியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன். வயது 46. ஏழு வருடமாக ஒரு கம்பனியில் மருத்துவக் காப்புறுதி கட்டி வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் சீனி வருத்தமும் பிரஷரும் இருப்பது தெரிய வந்தது. இப்போது வேறொரு கம்பனியின் முகவர் அடிக்கடி கடைக்கு வருகிறார். தங்களுக்குப் புதிதாக வந்திருக்கும் தலைமை நிர்வாகி 30 வருட அனுபவசாலி, இனி கிளெயிம் காசுக்கு இழுத்தடிப்பே இருக்காது, பழையதை நிறுத்திவிட்டு இங்கே வாருங்கள் என்கிறார். பிரீமியமும் குறைவு. மனைவி அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. மாறலாமா?

பதில்: மாற வேண்டாம். குறைந்தது, பழைய பொலிசியை நிறுத்திவிட்டு மாற வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முகவர் சொன்னதில் பாதி உண்மைதான்.

தலைமையில் இருப்பவரின் அனுபவம் மருத்துவக் காப்புறுதியில் பெரிய விஷயம். இந்தத் தொழிலில் பிழை உடனே தெரியாது. ஒரு கம்பனி விலையைக் குறைத்து ஆயிரக்கணக்கான ஆட்களைச் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்பவர்கள் பெரும்பாலும் சுகமாக இருப்பவர்கள், பல நோய்களுக்கு முதல் ஒன்றிரண்டு வருடம் காத்திருப்புக் காலம் (அதற்குள் அந்த நோய்க்குக் கிளெயிம் கிடைக்காது) வேறு இருக்கிறது, ஆகவே தொடக்கத்தில் காசு உள்ளே வருகிறதே தவிர வெளியே போவது குறைவு, எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள். மூன்றாம், நான்காம் வருடம்தான் காத்திருப்பு முடிந்து கண்புரை, மூட்டு, கல்லு, இருதயம் என்று பில்கள் வரத் தொடங்கும். அப்போது முதலில் வாங்கிய பிரீமியம் போதவில்லை என்று தெரிந்தால் கம்பனிக்கு இரண்டே வழி: புதுப்பிக்கும்போது விலையைக் கூட்டுவது, இல்லாவிட்டால் கிளெயிம்களில் கையை இறுக்குவது. இந்தச் சுற்றை ஒரு தடவையாவது முழுமையாகப் பார்த்தவர் மேலே இருந்தால் முதல் வருடமே விலையைச் சரியாக வைப்பார், விற்பனைப் பிரிவு எவ்வளவு கத்தினாலும்.

அதனால்தான் 30 வருடம் என்ற கணக்கை விட அந்த 30 வருடத்தை எங்கே கழித்தார் என்று கேட்க வேண்டும். முழுக்க விற்பனையில் இருந்தவரா, கிளெயிம் பிரிவிலும் பொறுப்பேற்புப் பிரிவிலும் (யாரை, என்ன விலைக்குச் சேர்ப்பது என்று முடிவெடுக்கும் பிரிவு) வேலை செய்தவரா, மோட்டார் காப்புறுதியில் இருந்து நேரே வந்தவரா? வாகனத்தில் ஒரு பம்பர் உடைந்தால் அதன் விலை தெரியும். மனிதனுக்கு வரும் நீண்டகால வருத்தம் வேறு கணக்கு.

நல்ல அனுபவம் இருந்தும் அடி விழாது என்றில்லை. இந்தியாவில் மருத்துவக் காப்புறுதியை மட்டும் செய்யும் முதல் கம்பனியான ஸ்டார் ஹெல்த்தை 2006இல் சென்னையில் தொடங்கிய வி. ஜெகன்னாதன், அதற்கு முன் அரசுக்குச் சொந்தமான யுனைடெட் இந்தியா கம்பனியின் தலைவராக இருந்தவர். அவ்வளவு அனுபவம் இருந்தும், கொரோனா கிளெயிம்கள் குவிந்த 2021-22 நிதியாண்டில் அந்தக் கம்பனிக்கு ஆயிரம் கோடி இந்திய ரூபாய்க்கு மேல் நட்டம். ஆகவே அனுபவத்தோடு கையிருப்பு மூலதனமும் வேண்டும்.

நம் நாட்டில் அதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 2016 முதல் நடைமுறைப்படுத்தும் விதிப்படி ஒவ்வொரு கம்பனியின் மூலதனப் போதுமை விகிதமும் (ஆபத்தைத் தாங்கத் தேவையான மூலதனத்தோடு ஒப்பிட்டால் கையில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு) 120 வீதத்துக்குக் குறையக் கூடாது. வருடாந்த அறிக்கையில் அந்த எண் இருக்கும், கம்பனியின் இணையத்தளத்தில் இலவசமாக இறக்கலாம். 120க்குப் பக்கத்தில் தத்தளிக்கிறதா, நன்றாக மேலே இருக்கிறதா, மூன்று வருடமாக ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். அதே அறிக்கையில் பணிப்பாளர்களின் படங்கள் உள்ள பக்கத்தையும் பாருங்கள். ஐந்து வருட அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தலைமை நிர்வாகி, நிதிப் பொறுப்பாளர், கிளெயிம் பொறுப்பாளர் முகங்கள் எத்தனை தடவை மாறியிருக்கின்றன என்று தெரியும். அடிக்கடி மாறும் இடத்தில், புதிதாக வந்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அவர் போட்ட ஒழுங்கு அவரோடு போய்விடும்.

அப்புறம் 2022 பொருளாதார நெருக்கடி. மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இறக்குமதி மருந்து, ஸ்டென்ட், பரிசோதனைப் பொருள் எல்லாவற்றின் விலையும் ஏறி, தனியார் வைத்தியசாலை பில்களும் ஏறின. அந்த நேரத்தில் உங்கள் கம்பனி கிளெயிம்களை ஒழுங்காகக் கொடுத்ததா? உங்களுக்குத் தெரிந்த யாராவது அப்போது கொழும்பில் வைத்தியம் செய்திருந்தால் அவர்களிடம் கேளுங்கள். முகவரிடமும் கேளுங்கள்: உங்கள் புதிய தலைவர் 2022இல் எந்தக் கம்பனியில் இருந்தார், அங்கே என்ன நடந்தது? நான் எந்தக் கம்பனியை எடைபோடும்போதும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் வைப்பேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். உங்களுக்குச் சீனி வருத்தம் பிடிபட்டபோது உங்கள் பொலிசிக்கு ஐந்து வயது. அதனால் பழைய கம்பனியில் அது இடையில் வந்த நோய். புதிய கம்பனியில் அதுவே ஏற்கெனவே இருந்த நோய். காத்திருப்புக் காலம் ஒன்றிலிருந்து தொடங்கும், சீனியும் பிரஷரும் தொடர்பான வைத்தியத்தை அடியோடு விலக்கியும் வைக்கலாம். அந்த நிர்வாகியின் 30 வருடத்தை விட உங்கள் ஏழு வருடம் உங்களுக்குப் பெறுமதியானது.

இதில் எனக்கு உண்மையிலேயே பயம் தருவது பிரேரணைப் படிவம், அதாவது காப்புறுதி கேட்டு உங்கள் நோய் விபரங்களையும் எழுதிக் கையெழுத்திடும் விண்ணப்பம். முகவர் ஆங்கிலப் படிவத்தை எடுத்து, "சின்னச் சீனிதானே அண்ணே, எழுதத் தேவையில்லை" என்று எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று அடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். பிறகு ஒரு நாள் நெஞ்சுவலி என்று கொழும்புக்கு ஏற்றிக்கொண்டு போவீர்கள். டயக்னோசிஸ் கார்ட்டில் வைத்தியர் ஒரே வரியில், இத்தனை வருடமாக நீரிழிவு, மெட்ஃபோமின் எடுக்கிறார் என்று எழுதிவிடுவார். கம்பனிக்கு அந்த ஒரு வரி போதும், மறைத்தீர்கள் என்று கிளெயிமைத் தள்ளிவிட. உலகத்திலேயே நேர்மையான தலைவர் மேலே இருந்தாலும் உங்கள் கையெழுத்துக்கு எதிராக அவர் எதுவும் செய்ய முடியாது. எந்தப் படிவமானாலும் தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லுங்கள், நீங்களே நிரப்புங்கள், ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதைய கம்பனியோடு உங்களுக்கு மனக்குறை இருந்தால் முதலில் அவர்களுக்கே எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். பதில் திருப்தி இல்லாவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் (கம்பனிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நடுவர்) போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. மனக்குறை வெறும் தொகை போதாது என்பதுதான் என்றால், அடுத்த புதுப்பித்தலில் எல்லைத் தொகையைக் கூட்டக் கேளுங்கள். கூட்டும் பகுதிக்கு மட்டும் புதிதாகக் காத்திருப்பு வைக்கிறார்களா என்று எழுத்தில் வாங்குங்கள்.

மனைவி அரசாங்க ஆசிரியை என்றீர்கள். அப்படியானால் அவருக்கு அரச ஊழியர்களுக்கான அக்ரஹார மருத்துவக் காப்புறுதி இருக்கும், அதில் கணவரும் பிள்ளைகளும் சேர்த்தி. பல குடும்பங்கள் சம்பளத்தில் காசு வெட்டுவதைப் பார்க்கிறார்களே தவிர கிளெயிம் செய்வதே இல்லை. அவர் எந்தத் திட்டத்தில் இருக்கிறார், எவ்வளவு கிடைக்கும் என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, மிச்சத்துக்கு எவ்வளவு தேவை என்று கணக்குப் போடுங்கள். அதற்குப் பிறகும் அந்த முகவரின் திட்டம் தேவைப்பட்டால், பழையதை வைத்துக்கொண்டு மேலதிகமாக ஒரு சின்னத் தொகைக்கு எடுங்கள், சீனியையும் பிரஷரையும் படிவத்தில் எழுதி.