ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போவது எதற்கு?

கேள்வி: வேளாண் பொருளாதாரத்தில் முதுகலை படிக்கிறேன். பட்டா, சிட்டா, அடங்கல், வேளாண் கணக்கெடுப்பு என இத்தனை பதிவுகள் இருக்கையில், ஆராய்ச்சியாளர்கள் ஒருசில கிராமங்களையே பல ஆண்டு இடைவெளியில் மறுபடியும் ஆராய்வதால் என்ன பயன்?
- ஒரு மாணவி, திருவாரூர்

பதில்: உங்கள் ஊர் வயல்களிலேயே இதற்கு விடை இருக்கிறது. பட்டா, நிலம் யாருடையது என்று சொல்லும். அடங்கல், அதில் என்ன பயிர் என்று சொல்லும். ஆனால் வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்து உழுகிறவரின் பெயர் பெரும்பாலும் எதிலும் ஏறுவதில்லை. குத்தகைதாரரை நினைத்தபோது வெளியேற்ற முடியாதபடி 1955ஆம் ஆண்டுச் சட்டம் காத்தது. அவருடைய உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. அந்தப் பாதுகாப்புக்கு அஞ்சியே பல நிலவுடைமையாளர்கள் குத்தகையை எழுத்தில் வைப்பதைத் தவிர்த்தார்கள். தமிழ்நாட்டில் வேளாண் கணக்கெடுப்பு பெரிதும் நில ஆவணங்களிலிருந்தே தொகுக்கப்படுவதால், ஆவணத்தில் இல்லாத குத்தகை அதிலும் சரிவரப் பதிவாவதில்லை. 2015-16 கணக்கெடுப்பின்படி இங்கே ஒரு கைப்பற்றின், அதாவது ஒருவர் சாகுபடி செய்யும் மொத்த நிலத்தின், சராசரி அளவு 0.75 எக்டேர் என்று படிக்கும்போது, அது சாகுபடியின் அளவா அல்லது பட்டாவின் அளவா என்று நான் எப்போதும் ஒரு கணம் தயங்குவேன். வீடு வீடாகச் சென்று, "இந்த நடவு யாருடையது, குத்தகை எத்தனை மூட்டை, கடன் யாரிடம்?" என்று கேட்டால்தான் தயக்கம் தீரும்.

இந்த முறைக்கு இங்கே நீண்ட வரலாறு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, அவரவர் அறிந்த ஊர்களை ஆராயச் சொன்னார். அந்த அறிக்கைகள் 1918இல் நூலாயின. இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான் முதலிய அவ்வூர்களுக்கு 1930களில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் மறு ஆய்வுக்காகத் திரும்பினார்கள்; 1980களில் எஸ். குகன் உள்ளிட்டோர் மீண்டும் சென்றார்கள். இருவேல்பட்டில் 2008இலும் ஆய்வு நடந்தது. படியாட்கள் நிலவுடைமையாளரிடம் கட்டுண்டு உழைத்த நிலையிலிருந்து, உழைப்பாளர் வீடுகளின் வருவாயில் பெரும்பகுதி வயலுக்கு வெளியே ஈட்டப்படும் நிலைக்கு ஓர் ஊர் வந்து சேர்ந்த வழியை, ஒரே ஆண்டில் ஆயிரம் ஊர்களில் எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பு காட்டாது. உத்தரப் பிரதேசத்தின் பாலன்பூரில் 1957-58 தொடங்கிச் செய்யப்பட்டுவரும் ஆய்வுகளும் இதே வகையைச் சேர்ந்தவையே.

குறையும் உண்டு. மாணவர்கள் அறிந்த ஊர்கள் என்பதாலேயே தேர்வில் ஒரு சாய்வு புகுந்துவிட்டது. கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்ப முடியாத ஊர்கள் அந்தப் பட்டியலில் இடம்பெற வாய்ப்பே குறைவு. ஆகவே இவ்வூர்களை வைத்துத் தமிழகம் முழுவதற்கும் விழுக்காடு சொல்வது தவறு. மாற்றம் எந்த வழியாக நடந்தது என்று விளக்குவதற்கே அவை உதவும்.

கேள்வி: பழைய ஆய்வுகளில் நெல்லாகக் கொடுத்த கூலியை இன்றைய ரூபாய்க் கூலியுடன் எப்படி ஒப்பிடுவது?
- ஓர் ஆய்வு மாணவர், விழுப்புரம்

பதில்: இரண்டையும் அரிசிக் கிலோவாக மாற்றுவதே வழக்கம். முதலில் அந்த ஊரின் மரக்கால் எத்தனை படி என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள், அது ஊருக்கு ஊர் மாறும். 2008க்குப் பிந்திய கணக்கில் வேறொரு சிக்கல் வரும். தமிழக ரேஷன் கடைகளில் அந்த ஆண்டு அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 முதல் விலையின்றியும் கிடைக்கத் தொடங்கியதால், கூலியை ரேஷன் விலையால் வகுத்தால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளே இராது. வெளிச்சந்தை விலையால் வகுத்துவிட்டு, ரேஷன் அரிசியைக் குடும்பத்தின் தனி வருவாயாகக் காட்டுங்கள். பழைய அறுவடைக் கூலியோடு சேர்த்துக் கொடுத்த சாப்பாட்டையும் அவ்வாறே விலையிட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.