மலிவு விலை எலெக்ட்ரிக் கிட்டார்: எதை மாற்றலாம், எதை விடலாம்? வாசகர் கேள்விகள்

ஸ்குவையர் புல்லட் ஸ்ட்ராட் கிட்டார் ஒன்றை பழையதாக வாங்கினேன் சார். கம்பியை வளைத்து வாசித்தால் ஜி கம்பியின் சுருதி இறங்கிவிடுகிறது. டியூனர் செட்டை (சுருதி கூட்டும் முறுக்காணிகளை) மாற்றட்டுமா? – ஹட்டன்

முதலில் நட்டை, அதாவது கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் பள்ளம் வெட்டிய சின்னத் துண்டைப் பாருங்கள் தம்பி. டியூன் பண்ணும்போது 'டிங்' என்ற சத்தத்தோடு சுருதி தாவினால், கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்குகிறது என்று அர்த்தம். வளைக்கும்போது பள்ளத்தைத் தாண்டி இழுபட்ட கம்பி திரும்பிப் போகாமல் நின்றுவிடும், சுருதி இறங்கும். பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்துப் பாருங்கள். குணம் தெரிந்தால் எலும்பு நட்டு போடலாம். பள்ளம் வெட்டுவதை மட்டும் கைப்பழக்கம் உள்ளவரிடம் கொடுங்கள், கொஞ்சம் ஆழமானாலும் கம்பி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டையில்) அடிக்கும்.

மலிவு கிட்டாரில் முதல் காசை நட்டில்தான் போடச் சொல்வேன். எவ்வளவு உயர்ந்த பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) இருந்தாலும், சுருதி நிற்காத கிட்டாரைத் திருவிழா மேடைக்குக் கொண்டுபோக முடியாது.

மழைக்காலம் வந்தால் கம்பி துருப்பிடிக்கிறது, கழுத்தும் வளைகிறது. கழுத்தையே மாற்ற வேண்டுமா? – நுவரெலியா

வேண்டாம். ஈரம் ஏறி இறங்கும்போது மரம் அசைவது இயல்புதான். முதல் ஃப்ரெட்டையும் கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டையும் அழுத்திக்கொண்டு, எட்டாவது ஃப்ரெட்டில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். கால் மில்லிமீட்டர் போதும். கூடுதலாக இருந்தால் டிரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியின் திருகை) வலப்பக்கம் கால் சுற்று மட்டும் திருப்பி, மறுநாள் திரும்பவும் பாருங்கள். பூச்சுள்ள கம்பி வாங்குங்கள், வாசித்து முடிந்ததும் துடையுங்கள். இது ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவ மழையிலும், பதுளை பக்கம் டிசம்பரை ஒட்டிய மழையிலும் எல்லாருக்கும் வரும் தொல்லை.

கிட்டாரில் ஒரே இரைச்சல். கம்பியைத் தொட்டால் அடங்குகிறது. பாடும்போது மைக்கில் உதடு பட்டால் 'சுர்' என்று கரண்ட் அடிக்கிறது. பிக்கப் மாற்றினால் சரியாகுமா அண்ணா? – பண்டாரவளை

இவை இரண்டும் வேறு வேறு கோளாறு. இரண்டாவது உயிர் ஆபத்து, அதை முதலில் சொல்கிறேன். மைக்குக்கும் உங்கள் கம்பிக்கும் இடையில் மின் அழுத்த வேறுபாடு இருக்கிறது. பெரும்பாலும் ஆம்பிளிஃபயருக்கோ மைக் செட்டுக்கோ எர்த் சரியாகக் கிடைக்கவில்லை. லயத்து வீடுகளிலும் பழைய மண்டபங்களிலும் எர்த் கம்பியே இல்லாத பிளக் பொயின்ட் உண்டு. மூன்று முனை பிளக்கை இரண்டு முனை அடாப்டரில் செருகுவதும் வழக்கமாகிவிட்டது. எலெக்ட்ரீஷியன் வந்து எர்த்தையும் டிரிப் சுவிட்சையும் சோதிக்கும்வரை அந்த இடத்தில் மைக்கோடு சேர்த்து கிட்டாரைத் தொடாதீர்கள். இரைச்சல் குறையும் என்று எர்த் முனையை யாராவது கழற்றச் சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள்.

இனி இரைச்சல். தொட்டால் அடங்குகிறது என்றால் பிரிட்ஜின் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகத்தின்) எர்த் வயர் நன்றாக இருக்கிறது, உள்ளே கவசம்தான் இல்லை. பிக்கார்டை (முன்பக்கத்துப் பிளாஸ்டிக் தகட்டை) கழற்றி, குழிக்குள்ளும் பிக்கார்டின் பின்புறமும் செப்புத் தாள் ஒட்டி, அதை எர்த்தோடு ஈயத்தால் பற்றவையுங்கள். ஒற்றைச் சுருள் பிக்கப்பின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் இதனால் போகாது, ஆனால் மற்ற இரைச்சல் நன்றாகக் குறையும்.

மெட்டல் இசை வாசிக்க பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) போடலாமா? – மஸ்கெலியா

போடலாம். ஒற்றைச் சுருள் அளவிலேயே வரும் ஹம்பக்கரை வாங்கினால் மரத்தைக் குடைய வேண்டியதில்லை. 250 கே (கிலோ ஓம்) வால்யூம் பொட்டில், அதாவது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகில், ஒலி கொஞ்சம் மங்கலாகத் தெரியும், 500 கே போட்டால் திறக்கும். ஆனால் மற்ற இரண்டு பிக்கப்பும் கூர்மையாகிவிடும் என்பதையும் யோசியுங்கள். அப்புறம், வாங்கும் முன் இருக்கிற பிக்கப்பின் உயரத்தை ஸ்க்ரூ டிரைவரால் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். நிறைய பேர் தொடாத திருகு அது.

ட்ரெமலோ பிரிட்ஜை (கைப்பிடியால் அசைத்து சுருதியை ஏற்றி இறக்கும் பிரிட்ஜை) வெளிநாட்டிலிருந்து எடுக்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்? – பதுளை

ஆறு திருகு பிரிட்ஜ் என்றால் முதல் திருகின் மையத்திலிருந்து கடைசித் திருகின் மையம்வரை அளந்துகொள்ளுங்கள். அமெரிக்க ஸ்ட்ராட்டின் பழைய அளவு சுமார் 56 மில்லிமீட்டர், ஆசியத் தயாரிப்புகள் பலவற்றில் சுமார் 52.5. மாறி வந்தால் புதுத் துளை போடாமல் பொருந்தாது. உடலின் தடிமனையும் பாருங்கள். மெல்லிய உடலில், பிரிட்ஜின் அடியில் தொங்கும் முழு நீள இரும்பு பிளாக் பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். டியூனரும் எடுப்பதாக இருந்தால் தலையிலுள்ள துளையின் விட்டத்தைக் குறித்துக்கொண்டு ஆர்டர் போடுங்கள்.