85,000 ரூபாய்ச் செல்லோவை வாங்கலாமா?

கேள்வி: மகளுக்கு 12 வயது. உயரம் நாலடி பத்து அங்குலம். இரண்டு வருடமாக வயலின் பழகுகிறாள். போன நத்தாருக்குத் தேவாலயத்தில் ஒருவர் செல்லோ (உட்கார்ந்து வாசிக்கும், பெரிய வயலின் போன்ற வாத்தியம்) வாசித்ததைக் கேட்டதிலிருந்து அதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். இணைய விளம்பரம் ஒன்றில் வில், பை, ரோசின் (வில்லில் தேய்க்கும் பிசின்) எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய், முழு அளவு என்று போட்டிருக்கிறார்கள். இவர் வாங்கிவிடுவோம் என்கிறார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. (திருகோணமலை, உவர்மலையிலிருந்து ஒரு தாய்)

பதில்: உங்கள் மனம் சொல்வது சரி. விலையை விடுங்கள், முதலில் அளவே பொருந்தாது. ஐந்தடிக்கு மேல் உள்ளவர்களுக்குத்தான் முழு அளவு. நாலரை அடிக்கும் ஐந்தடிக்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு முக்கால் அளவு. "வளர்கிற பிள்ளைதானே, பெரிதாகவே வாங்குவோம்" என்று பாடசாலைச் சப்பாத்து வாங்குவதுபோல் வாங்கினால், விரல்கள் எட்டாமல் இடது கை வலிக்கும், தோள் தூக்கிக்கொள்ளும். மூன்று மாதத்தில் செல்லோ அலுமாரிக்குப் பின்னால் போய்விடும்.

அளவு பார்ப்பது சுலபம். கைப்பிடி இல்லாத கதிரையில் பிள்ளையை முன்விளிம்பில் உட்காரவைத்து, கீழேயுள்ள இரும்புக் காலை வெளியே இழுத்து, செல்லோவைச் சாய்த்துப் பாருங்கள். உடலின் மேல்விளிம்பு நெஞ்செலும்பில் படவேண்டும். மிகத் தடித்த தந்தியின் பிருடை (தந்தியை முறுக்கும் மர ஆணி) இடது காதுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். பிருடை தலைக்கு மேலே நின்றால் வாத்தியம் பெரிது.

இனி அந்த 85,000 ரூபாய். அந்த விலையில் வரும் செல்லோ பெரும்பாலும் ஒட்டுப்பலகையில் செய்ததாக இருக்கும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இதைச் சொன்னால் இசை ஆசிரியர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். முழு மரத்தில் குடைந்த செல்லோவின் நாதம் வேறுதான். முன்பலகை ஸ்ப்ரூஸ், பின்பலகை மேப்பிள் என்றால் சந்தோஷம்தான். ஆனால் கடற்காற்று அடிக்கும் ஊரில், பழுது பார்க்க ஆளில்லாத இடத்தில், முதல் இரண்டு வருடத்துக்கு வெடிக்காத ஒட்டுப்பலகை ஒரு குறையே அல்ல. குறை வேறிடத்தில் இருக்கிறது: பெட்டிக்குள் வருவது வாசிக்கிற நிலையில் இருப்பதில்லை.

என் தங்கையின் மகளுக்கு இப்படி ஒன்று வாங்கிக் கொடுத்துச் சூடுபட்டவன் நான். பெட்டியைப் பிரித்தால் தந்திகள் தொளதொளவென்று கிடந்தன. தந்திகளைத் தாங்கும் குதிரை தனியாகக் கடதாசியில் சுற்றி, வில்லோடு வைத்திருந்தது. வயலினைப் போலவே செல்லோவிலும் குதிரையை ஒட்டுவதில்லை. தந்திகளின் இழுவிசையில்தான் அது நிற்கிறது. சரி, இதிலென்ன வித்தை என்று நானே நிறுத்தினேன். குதிரையின் ஒரு பக்கம் தாழ்வு, மறுபக்கம் உயர்வு. தாழ்ந்த பக்கம் மெல்லிய தந்திக்கு வரவேண்டும். நான் மாற்றி நிறுத்திவிட்டேன். மருமகள் ஒரு கிழமை மெல்லிய தந்தியை அமுக்கமுடியாமல் விரல் சிவக்க அழுதாள். பிறகு ஒருநாள் சுருதி கூட்டிக்கொண்டிருந்தபோது குதிரை விரற்பலகைப் பக்கம் சாய்ந்து, பலகையில் 'டப்' என்று விழுந்தது. எடுத்து ஆட்டிப் பார்த்தால் உள்ளே ஏதோ உருள்கிறது. முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில் பசையில்லாமல் இறுக்கமாக நிற்கும் சிறு மரத்தூண் அது. பிரெஞ்சுக்காரர் அதை 'ஆன்மா' என்றே சொல்வார்கள். ஆன்மா உருண்டபின் தந்தியை இறுக்கினால் முன்பலகையே அமுங்கி வெடிக்கலாம். விற்றவரைக் கேட்டேன். "சாமானில் பிழையில்லை சேர், பூட்டினது நீங்கள்தானே" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை.

அதனால் விற்பவரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி விலையல்ல. "குதிரை செதுக்கிப் பொருத்தி, தூண் நிறுத்தி, சுருதி கூட்டித் தருவீர்களா?" என்று கேளுங்கள். ஆம் என்பவர் கொஞ்சம் கூடக் கேட்டாலும் அவரிடமே வாங்குங்கள். அவர் ஒப்புக்கொண்டதைச் சரிபார்க்க ஓர் அளவுகோல் போதும். விரற்பலகை முடியும் இடத்தில் தந்திக்கும் பலகைக்கும் இடைவெளி மெல்லிய தந்தியில் 5 மி.மீ., தடித்த தந்தியில் 8 மி.மீ. அளவில் இருக்கவேண்டும். ஒரு சென்ரிமீற்றருக்கு மேலே நிற்கிறதென்றால் யாரும் கைவைக்கவில்லை என்று அர்த்தம்.

கையில் ஒரு லட்சம் இருந்தால் எழுபதாயிரத்துக்குள் வாத்தியத்தை முடியுங்கள். மீதி தந்திக்கும் வில்லுக்கும். மலிவுச் செல்லோவோடு வரும் தந்தி கம்பிவேலிக்குத்தான் பொருத்தம். எஃகு உள்ளீடுள்ள மாணவர் தந்தித் தொகுதி ஒன்று போட்டால் அதே வாத்தியம் வேறு குரலில் பேசும். வயலின் தந்தி வாங்கிய கணக்கில் நினைக்காதீர்கள், செல்லோவுக்குப் பல மடங்கு விலை.

இன்னொன்று, புது வில்லை இழுத்தால் சத்தமே வராது. பழுது என்று பயந்து திருப்பி அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். வில்லின் மயிரில் ரோசினைப் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுமையாகத் தேய்த்த பின்தான் அது தந்தியைப் பிடிக்கும்.

கேள்வி: எனக்கு 62 வயது, ஓய்வுபெற்றவன். வெளிநாடு போகும் கொழும்புக் குடும்பம் ஒன்று பத்து வருடப் பழைய செல்லோவை 1,10,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறது. முழு மரம் என்கிறார்கள். போய்ப் பார்த்தால் எதைப் பார்ப்பது? (திருக்கடலூர்)

பதில்: நல்ல வயதில்தான் தொடங்குகிறீர்கள், சுருதி பிசகினால் பிள்ளைகளைப்போல் அழமாட்டீர்கள். பழையது நன்றாக அமைந்தால் புதியதைவிட மேல். ஏற்கனவே யாரோ காசு செலவழித்து வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவந்திருப்பார்கள்.

ஃபோன் விளக்கை எடுத்துப் போங்கள். முன்பலகையில் உள்ள வளைந்த துளைக்குள் அடித்துப் பாருங்கள். தூண் செங்குத்தாக நிற்கிறதா? பிறகு செல்லோவைத் திருப்பி, அந்தத் தூண் முட்டும் இடத்தில் பின்பலகையில் நெடுக்கு வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், அது செலவை விழுங்கும் வெடிப்பு. ஓரத்தைச் சுற்றி விரல் மூட்டால் தட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் மட்டும் சரசரவென்று கேட்டால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது. அது சின்ன வேலைதான், விலை பேச உதவும். கழுத்து உடலோடு சேரும் இடத்தில் கோடு விழுந்திருந்தால் கவனம், தந்திகளின் பாரமெல்லாம் அங்கேதான் வருகிறது.

மரத்தூள் உதிர்ந்திருக்கிறதா, ஊசித்துளைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். செல்லரித்த செல்லோ வீட்டுக்குள் வந்தால் அலுமாரியும் போய்விடும். வில்லின் மயிர் கொத்துக் கொத்தாக அறுந்து தொங்கினால், நெடுநாள் மூடிக்கிடந்த பெட்டிக்குள் பூச்சி தின்றிருக்கிறது. அதற்கு ஒரு புது வில்லின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். தனியாள் வீட்டுச் சாமானை விற்கும்போது வியாபாரியிடம் வாங்கும் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. பார்த்து வாங்கியது வாங்கியதுதான். கொண்டுவரும்போது பஸ்ஸின் அடிப்பெட்டியில் போடவிடாதீர்கள். ரயிலில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வாருங்கள். தந்திகளைச் சற்றுத் தளர்த்துங்கள், முழுதாகக் கழற்றினால் குதிரையும் தூணும் விழுந்துவிடும்.

கேள்வி: செல்லோவின் அடிப்பக்க ஓரத்தில் கடதாசி நுழையும் அளவு பிளவு. ஆடி மாதம் தொடங்கியது. பிருடைகளும் நிற்காமல் வழுக்குகின்றன. எங்கள் ஓடாவி வெள்ளைப் பசை போட்டு இறுக்கித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? (நிலாவெளி)

பதில்: கொடுக்கவே வேண்டாம்! நல்லவேளை கேட்டீர்கள்.

அது வெடிப்பு அல்ல, ஒட்டு விட்டிருக்கிறது. விடவேண்டும் என்றே அப்படி ஒட்டுகிறார்கள். நம் ஊர்க் காற்றை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கச்சான் அடிக்கும் மாதங்களில் மரம் காய்ந்து சுருங்கும், வாடை தொடங்கி மழை பிடித்தால் ஈரம் குடித்து ஊதும். முன்பலகை சுருங்கும்போது எங்காவது அது விட்டுக்கொடுத்தாக வேண்டும். ஓரத்தில் போட்டிருப்பது விலங்குத்தோல் பசை, பழைய தச்சர்கள் வச்சிரம் என்பார்களே, அதுதான். அளவுக்கு மிஞ்சி இழுபட்டால் பசை விட்டுவிடும், பலகை தப்பிக்கும். ஓடாவியின் வெள்ளைப் பசை விடாது. அடுத்த கச்சானுக்குப் பலகைதான் பிளக்கும். உங்கள் ஓடாவி கெட்டிக்காரர்தான், கதவுக்கும் கட்டிலுக்கும் அவர் செய்வது சரி.

இப்போதைக்குத் தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி, வாசிப்பதை நிறுத்தி, வாத்தியம் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக ஏற்பாடு செய்யுங்கள். சூடாக்கிய வச்சிரம் தடவி, சுற்றிவரக் கவ்விகள் போட்டு ஒரு நாள் வைத்தால் வேலை முடிந்தது. பிளவில் பழைய வெள்ளைப் பசையோ சூப்பர் குளூவோ இருந்தால் அதைச் சுரண்டவே அவருக்கு அரைநாள் போகும், கூலியும் ஏறும்.

பிருடை வழுக்குவதும் அதே காற்றால்தான். பிருடையைத் திருகும்போதே துளைக்குள் மெல்ல அழுத்தித் திருகுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் கழற்றிக் கொஞ்சம் கரும்பலகைச் சோக்கைத் தடவிப் போடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு தந்தி மட்டும். மார்கழியில் இதே பிருடை இறுகித் திரும்ப மறுக்கும், அப்போது பென்சில் கரியைத் தேயுங்கள். காற்றாடிக்கு நேர் கீழேயோ மேற்கு யன்னலுக்கு எதிரேயோ வாத்தியத்தை வைக்காதீர்கள். 40 முதல் 60 சதவீத ஈரப்பதம் அதற்கு உகந்தது. ஈரப்பதமானி ஒன்று வாங்கிப் பைக்குள் போட்டுவையுங்கள், பெரிய விலையில்லை.

கேள்வி: வெளிநாட்டு இணையதளத்தில் பாதி விலைக்கு இருக்கிறது. எடுப்பிக்கலாமா? (கிண்ணியா)

பதில்: கணக்கைப் பாருங்கள். செல்லோவின் எடை மூன்று கிலோ அளவில்தான். ஆனால் விமானக் கூரியர்கள் பொதுவாகப் பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து, வருவதையே எடையாக எடுக்கிறார்கள். 135 × 55 × 40 பெட்டி என்றால் 59 கிலோவுக்கு மேல்! மூன்று கிலோ சாமானுக்கு ஐம்பத்தொன்பது கிலோவின் கூலி. அதோடு சுங்கத்தில் வெறும் விலைக்கல்ல, விலை, காப்புறுதி, கூலி மூன்றும் சேர்ந்த தொகைக்கே வரி போடுவார்கள். 18 சதவீதப் பெறுமதி சேர் வரியும் இருக்கிறது. உடைந்து வந்தால் திருப்பி அனுப்பும் கூலியையும் யோசியுங்கள். வேண்டாம்.

கேள்வி: கடையில் வாங்கிய செல்லோவின் கழுத்து மூன்றாம் கிழமை ஒட்டு விட்டது. ஒரு வருட உத்தரவாதம் என்று எழுதித் தந்தவர், இப்போது "காலநிலையால் வந்தது" என்கிறார். (திருகோணமலை நகர்)

பதில்: ஓரத்து ஒட்டு விட்டிருந்தால் அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கும். மூன்று கிழமையில் கழுத்தே விட்டதென்றால் அது செய்த வேலையின் குறை. பற்றுச்சீட்டு இருக்கிறதா? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளை விற்றால் முறையிடலாம். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், எழுத்தில். விசாரித்தபின் மாற்றிக் கொடுக்கவோ காசைத் திருப்பிக் கொடுக்கவோ சொல்ல அதிகார சபைக்கு அதிகாரம் உண்டு. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். அதற்குமுன் கழுத்தைப் பகல் வெளிச்சத்தில் நாலு பக்கமும் படம் எடுத்துவையுங்கள், நீங்களாகப் பசை எதையும் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஊரில் கர்நாடக வயலின் ஆசிரியைதான் இருக்கிறார். செல்லோவையும் வயலினைப்போல் ச ப ச ப என்று சுருதி கூட்டலாமா, தந்தி அறுந்துவிடுமா? (பாலையூற்று)

பதில்: அறாது, ஏனென்றால் ஏற்றவேண்டிய தேவையில்லை, இறக்கினால் போதும். செல்லோவின் தந்திகள் தடித்ததிலிருந்து சி, ஜி, டி, ஏ. மெல்லிய இரண்டையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் டி, சி ஆகும்; ஏ, ஜி ஆகும். ஒரு கட்டைச் சுருதியில் ச ப ச ப ஆகிவிட்டது. இரண்டு கட்டை வேண்டும் என்று மாறாகத் தடித்த இரண்டையும் ஏற்றப் போகாதீர்கள், மலிவுச் செல்லோவில் வீண் வம்பு.

வில் பிடிப்பு, உட்காரும் முறை இரண்டும் வயலினிலிருந்து வேறு. முதல் சில பாடங்களை மட்டுமாவது செல்லோ வாசிப்பவர் ஒருவரிடம் காணொளி அழைப்பில் கேட்டுக்கொள்ளுங்கள். ராகமும் தாளமும் உங்கள் ஆசிரியை பார்த்துக்கொள்வார். தந்தியை இறக்கியபின் வாத்தியத்தைப் பக்கவாட்டில் பிடித்துக் குதிரை சாய்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். சாய்ந்திருந்தால் இரு கையாலும் மெல்லத் தள்ளி நிமிர்த்தலாம். அவசரம் வேண்டாம், என் மருமகளைக் கேட்டால் சொல்வாள்.