புது மகசின் போட்டால் பிஸ்டலில் ரவை சிக்குகிறது: பிழை மகசினிலா, துப்பாக்கியிலா?

கேள்வி சுருக்கமாக இது: அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருக்கும் 9 மில்லிமீற்றர் பிஸ்டல். கூட வந்த மகசினில் (ரவை நிரப்பிப் பிடிக்குள் செருகும் பெட்டி) ஒரு பிரச்சினையும் இல்லை. பிறகு எடுத்த மகசினில் கடைசி மூன்று நான்கு ரவை வரும்போது மூக்குக் குத்தி நின்றுவிடுகிறது. முழுதும் முடிந்தபின் ஸ்லைட் (பிஸ்டலின் மேலே முன்பின் ஓடும் பகுதி) திறந்து நிற்பதும் இல்லை. வீடு திருகோணமலை உப்புவெளியில், கடலுக்குக் கிட்ட. எதைத் திருத்துவது?

துப்பாக்கியில் கை வைக்காதீர்கள். ஒரு மகசினில் ஒழுங்காக ஓடுகிற துப்பாக்கி இன்னொன்றில் நிற்கிறதென்றால் பிழை பெரும்பாலும் அந்த இரண்டாவது மகசினில்தான். நீங்கள் சொன்ன இரண்டு குறியும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. மகசின் காலியாகக் காலியாக ஸ்பிறிங்கின் அழுத்தம் குறையும். கடைசி ரவைகளை நேரத்துக்கு மேலே தூக்கிவிட அதற்குத் தெம்பில்லை. ரவை முடிந்தபின் ஸ்லைட்டைத் திறந்தபடி பிடிக்கும் ஸ்லைட் ஸ்ரொப் நெம்பைத் தள்ளி நிறுத்தவும் தெம்பில்லை. அல்லது ஸ்பிறிங் நல்லதாகவே இருந்து, உள்ளே ஏதோ உரசிப் பிடிக்கிறது. மாறாக முதல் ரவையிலேயே சிக்கினால் கதை வேறு: நிரம்பிய மகசினில் அழுத்தம் கூடி, ஸ்லைட் ரவையை இழுத்தெடுக்கத் திணறுகிறது. ஆகவே எத்தனையாவது ரவையில் நிற்கிறது என்று குறித்து வைப்பதுதான் முதல் வேலை. கனபேர் அதைப் பார்க்காமலே பரலை (குழலை) மினுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இங்கே ரவை தாராளமாகச் சுட்டுப் பார்க்கக் கிடைக்கிற சாமான் இல்லை. நல்ல வேளையாக, இந்த வகைக் கோளாற்றில் பெரும்பகுதியைச் சுடாமலே பிடிக்கலாம். அதற்கு வேண்டியது ஐந்தாறு டம்மி ரவை, ஒரு வேர்னியர் (நுண்ணளவு அளக்கும் கருவி), ஒரு டோர்ச். டம்மி என்றால் மருந்தும் பிரைமரும் (ரவையின் அடியில் வெடியைத் தொடக்கும் மூடி) இல்லாத, நிறத்தால் வேறு தெரிகிற கடைச் சாமான். வீட்டில் உண்மையான ரவையை ஏற்றி இறக்கிப் பார்க்கவே கூடாது. வேலை தொடங்குமுன் ஒழுங்கு இது: முதலில் மகசினைக் கழற்றுங்கள், பிறகு ஸ்லைட்டை இழுத்துத் திறந்து நிறுத்துங்கள், சேம்பரை (பரலின் பின்முனையில் ரவை உட்காரும் அறை) கண்ணாலும் பார்த்து விரலாலும் தடவுங்கள். மகசினைக் கழற்றாமல் ஸ்லைட்டை இழுத்தால் ஒரு ரவை வெளியே விழும், அடுத்தது உள்ளே போய்விடும். உண்மையான ரவை எல்லாவற்றையும் வேறு அறையில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள்.

ரவை எந்த நிலையில் நிற்கிறது என்பதை, விடுவிக்குமுன் வடிவாகப் பாருங்கள். சுடும் திடலில் சிக்கினால் துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் பிடித்துக்கொண்டு ஒரு கணம் பார்த்தால் போதும். மூக்குக் கீழே சாய்ந்து, மகசினின் முன்சுவரிலோ சேம்பருக்கு ஏறும் சரிவின் அடியிலோ குத்தி நின்றால்: ஸ்பிறிங் சோர்வு, ரவையைத் தாங்கும் ஃபாலோவர் முன்பக்கம் சரிகிறது, அல்லது மகசின் உரிய உயரத்துக்கு ஏறி நிற்கவில்லை. மூக்கு மேலே பார்த்து சேம்பரின் மேல்விளிம்பில் முட்டி நின்றால்: மகசின் உதடுகள் (மேல் ரவையைப் பிடித்திருக்கும் விளிம்புகள்) அகன்று ரவையை முந்தியே விட்டுவிடுகின்றன. ரவை அப்படியே மகசினில் கிடக்க, ஸ்லைட் அதன் மேலால் சறுக்கிப் போய் வெறும் சேம்பரில் மூடினால் ஸ்பிறிங் மெதுவாகத் தூக்குகிறது, அல்லது ஸ்லைட் முழுதாகப் பின்னுக்கு வரவில்லை. இரண்டாவதற்குக் காரணம் வலுக்குறைந்த ரவையாகவோ தளர்ந்த பிடியாகவோ இருக்கலாம். ஸ்லைட் கடைசி இரண்டு மூன்று மில்லிமீற்றரில் மூடாமல் நின்றால் மகசினைச் சந்தேகிக்கத் தேவையில்லை. அது சேம்பர் அழுக்கு, எக்ஸ்ட்ராக்டர் (கோதைச் சேம்பரிலிருந்து இழுக்கும் நகம்) இறுக்கம், அல்லது ரவையின் அளவுப் பிழை. பரலைக் கழற்றி, சேம்பர் பக்கத்தை மேலே பிடித்து ஒரு ரவையைச் சேம்பரில் போடுங்கள். ‘டக்’ என்று முழுதாக இறங்க வேண்டும். கவிழ்த்தால் தானாக விழ வேண்டும். விழவில்லையென்றால் சேம்பரையோ ரவையையோ பார்க்க வேண்டும்.

சுட்டு முடிந்த வெற்றுக்கோது புகைபோக்கி மாதிரி நிமிர்ந்து மாட்டிக்கொள்வதைச் சிலர் ரவை ஏறாத கோளாறு என்று எழுதுகிறார்கள். அது கோது வெளியேறாத கோளாறு. எக்ஸ்ட்ராக்டர், இஜெக்டர் (கோதை வெளியே தட்டிவிடும் துண்டு), பிடி என்று அந்த வழியில் தேட வேண்டும்.

இனி உங்கள் மகசினுக்கு வருவோம். முதலில் இரண்டின் அடியிலும் அழியாத மையால் 1, 2 என்று எழுதுங்கள். இலக்கம் போடாத மகசினில் கோளாறு தேடுவது வீண்வேலை. பிறகு வெறும் மகசினில் ஃபாலோவரை ஒரு பென்சிலின் பின்முனையால் அடிவரை அமத்தி மெதுவாக விடுங்கள். தடையில்லாமல், சரியாமல், கடைசிவரை விரைந்து எழும்ப வேண்டும். நடுவில் தயங்கினால் அந்த இடத்தில் உள்சுவரில் நசிவு, துரு, அல்லது ஒட்டிப்போன எண்ணெய். வெளியிலிருந்து தெரியாத சின்ன நசிவும் போதும். டோர்ச் அடித்துப் பார்த்தால் பளபளத்த உரசல் தடம் காட்டிக்கொடுக்கும்.

அடித்தட்டைக் கழற்றும்போது ஸ்பிறிங் பாய்ந்து வரும். கண்ணாடி போட்டு, பெருவிரலால் மூடிக்கொண்டு கழற்றுங்கள். கழற்றமுன் எந்த முனை மேலே, எந்தப் பக்கம் முன்னே என்று ஃபோனில் ஒரு படம் எடுங்கள். தலைகீழாகவோ முன்பின் மாறியோ போட்ட ஸ்பிறிங் ஃபாலோவரின் முன்பக்கத்தைத் தூக்காமல் விட்டுவிடும். அப்போது நீங்கள் சொன்ன அதே இரண்டு குறியும் அச்சொட்டாக வரும். ஏற்கனவே யாராவது கழற்றித் துடைத்த மகசின் என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். இரண்டு ஸ்பிறிங்கையும் பக்கத்தில் நிறுத்தி நீளத்தையும் சுற்று எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். ஒரே மாதிரி மகசினாக இருந்தும் ஒன்று மற்றதைவிட இரண்டு சுற்று அளவுக்குக் கட்டையாக இருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. இழுத்து நீட்டிப் போடுவது இரண்டு நாள் வைத்தியம், மறுபடி படுத்துவிடும். நிரப்பி வைத்திருப்பதால் ஸ்பிறிங் கெடும் என்கிற பேச்சு பெரிதும் மிகை. திரும்பத் திரும்ப அமத்தி விடுவதும், அளவுக்கு மீறி ஒரு ரவை திணிப்பதும்தான் அதைத் தின்னும்.

உதடுகளுக்கு வேர்னியர். நல்ல மகசினில் முன், நடு, பின் என்று மூன்று இடத்தில் இடைவெளியை அளந்து, பிறகு மற்றதிலும் அளந்து பாருங்கள். புத்தக அளவு தேடி அலைய வேண்டாம், உங்கள் துப்பாக்கிக்கு ஓடுகிற மகசின்தான் அளவுகோல். கால் மில்லிமீற்றர் வித்தியாசமே ரவை விடுபடும் நேரத்தை மாற்றிவிடும். உதட்டில் வெடிப்பு இருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் விரிந்திருந்தாலோ குறட்டால் நெரித்துச் சரிசெய்யப் போகாதீர்கள். அந்த மகசினை ஒதுக்கிவிடுங்கள்.

பொருத்தம் என்பது பிடிக்குள் நுழைந்து ‘கிளிக்’ என்று பூட்டுகிறதா என்பதோடு முடிவதில்லை. நான்கு இடம் ஒத்துப்போக வேண்டும்: மகசினைப் பூட்டும் கொக்கி பிடிக்கும் வெட்டின் உயரம், உதட்டின் வடிவம், ஃபாலோவர் ஸ்லைட் ஸ்ரொப்பைத் தொடும் இடம், உடலின் நீளம். கொக்கி வெட்டு அரை மில்லிமீற்றர் மேலே வெட்டப்பட்டிருந்தால் மகசின் அவ்வளவு கீழே தொங்கும், ரவை சரிவில் குத்தும். இதைச் சோதிக்க, பூட்டிய மகசினை அடியிலிருந்து கையால் மேலே அமத்திக்கொண்டு டம்மியை ஏற்றிப் பாருங்கள். அமத்தினால் ஏறுகிறது, விட்டால் சிக்குகிறது என்றால் வெட்டின் உயரமோ தேய்ந்த கொக்கியோதான் காரணம்.

நீங்கள் எந்த மாதிரி என்று எழுதவில்லை. ஆகவே அடிக்கடி கேட்கப்படுகிறவை சில. கிளொக் 17இன் 17 ரவை மகசின் கிளொக் 19இல் கீழே நீட்டிக்கொண்டு நின்றாலும் வேலை செய்யும். 19இன் 15 ரவை மகசின் 17இல் எட்டாது. நான்காம் தலைமுறையிலிருந்து கிளொக்கில் மகசின் பொத்தானை மறுபக்கம் மாற்றிப் பூட்டலாம். அப்படி மாற்றியிருந்தால் நான்காம் தலைமுறைக்கு முந்திய மகசின்களில் அந்தப் பக்க வெட்டு இல்லை, பிடிக்காது. .40 ரவைக்கான மகசினில் 9 மில்லிமீற்றர் ரவை நிரம்பும், சில வேளை ஓடவும் செய்யும்; ஆனால் உதடு அந்த ரவைக்கு அகலம். ஓடுகிறதே என்று நம்பி வைக்காதீர்கள். பிரவுனிங் ஹை-பவரில் மகசின் இல்லாமல் விசை வேலை செய்யாது. அந்தப் பூட்டின் துண்டு மகசினின் முன்முகத்தில் அழுத்திக்கொண்டே இருக்கும். முகம் சொரசொரப்பான மாற்று மகசின் என்றால் விசையே இறுகும், பொத்தானை அமத்தினாலும் மகசின் தானாக விழாது. சீசெட் 75இன் பழைய மகசின்களும் தானாக விழாது. அங்கே அது கோளாறு இல்லை, பின்புறத்தில் ஒரு தட்டை ஸ்பிறிங் வேண்டுமென்றே தடுத்துப் பிடிக்கிறது.

நீண்ட மகசினைக் குட்டைப் பிடியில் போடுகிறவர்களுக்கு ஒன்று. ஸ்லைட் திறந்திருக்கும்போது உள்ளங்கையால் ஓங்கிக் குத்தி ஏற்றாதீர்கள். சில பிஸ்டல்களில் மகசின் அளவுக்கு மீறி ஏறி இஜெக்டரில் இடிக்கும். இஜெக்டர் வளைந்தால் இல்லாத இன்னொரு கோளாற்றைக் காசு கொடுத்து வாங்கியது போலாகும்.

கூர் மழுங்கிய மூக்குள்ள, அல்லது மூக்கில் குழியுள்ள ரவை போட்டால் மட்டும் சிக்குகிறதா? முழு உறை போட்ட, உருண்டை மூக்கு ரவைக்கு என்று செய்யப்பட்ட பழைய பிஸ்டல்களில் இது வழக்கம்தான். 9×19 ரவையின் மொத்த நீளம் கூடினால் 29.69 மில்லிமீற்றர். குழி மூக்கு ரவைகள் இதைவிடக் கட்டையாக வரும், சரிவில் வேறு கோணத்தில் முட்டும். உருண்டை மூக்குக்கு மாறுவதுதான் மலிவான தீர்வு. சரிவை அரத்தால் ராவிச் சரிக்கட்டப் போவது பெரிய பிழை. 1911 வகைப் பிஸ்டலை எடுத்தால், சட்டத்தின் சரிவுக்கும் பரலின் சரிவுக்கும் நடுவில் சுமார் 0.8 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். மினுக்குகிறேன் என்று அதைத் தின்றுவிட்டால் திருப்பி ஒட்ட முடியாது. பரலிலேயே சரிவுள்ள பிஸ்டல்களில் இன்னும் மோசம்: சரிவை ஆழமாக்கினால் கோதின் அடிப்பகுதிக்குத் தாங்கல் குறைந்து, கோது வெடிக்கவும் கூடும்.

.32, அதாவது 7.65 மில்லிமீற்றர் சின்னப் பிஸ்டல் வைத்திருக்கிறவர்களும் இதைப் படிப்பீர்கள். அந்த ரவையின் அடியில் மெல்லிய விளிம்பு உண்டு. கட்டையான ரவை போட்டால் மகசினுக்குள் முன்பின் ஆடி, மேல் ரவையின் விளிம்பு கீழ் ரவையின் விளிம்புக்குப் பின்னால் விழுந்து பூட்டிக்கொள்ளும். எவ்வளவு இழுத்தாலும் வராது. மேல் ரவையின் விளிம்பு எப்போதும் கீழுள்ளதற்கு முன்னால் இருக்கும்படி நிரப்புங்கள், நீளமான முழு உறை ரவையையே பாவியுங்கள். .22 போட்டிப் பிஸ்டலுக்கும் நிரப்பும் ஒழுங்கு அதுவே.

திருகோணமலைக் காற்றுக்கு வருவோம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தூசி. மாரியில் ஈரமும் உப்பும். இரண்டுக்கும் எண்ணெய் ஊற்றுவதே மருந்து என்று நினைப்பதுதான் இங்கே கூடுதலாகக் காணும் பிழை. மகசினின் உட்பக்கம் காய்ந்திருக்க வேண்டும். எண்ணெய் மணலைப் பிடித்து அரைத்த கூழாக்கும். ரவையின் பிரைமருக்குள் ஊறினால் ரவையே செத்துப்போகும். தேங்காயெண்ணெய் சொல்லத் தேவையில்லை, கொஞ்ச நாளில் பிசினாகிவிடும். உடலைக் காய்ந்த துணியை ஈர்க்கில் சுற்றித் துடையுங்கள். இரும்பு மகசினின் வெளிப்பக்கத்திலும் ஸ்பிறிங்கிலும் மட்டும் துப்பாக்கி எண்ணெயை ஒரு துணியில் தொட்டுத் தடவி, மறு துணியால் துடைத்தெடுங்கள். கையில் ஒட்டாத அளவு போதும். ரவையையும் மகசினையும் தோல் உறையிலேயே மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். தோல் பதனிட்ட உப்பும் ஈரமும் பித்தளையில் பச்சைக் களிம்பு பிடிக்கச் செய்யும். களிம்பு ரவை சேம்பரில் முழுதாக இறங்காது. அதைச் சுரண்டிப் போடவும் வேண்டாம், ஒதுக்கி வையுங்கள்.

இவ்வளவும் பார்த்தபின் ஸ்பிறிங்கையும் ஃபாலோவரையும் இரண்டு மகசினுக்கும் மாற்றிப் போட்டு டம்மியில் ஓட்டுங்கள். கோளாறு ஸ்பிறிங்கோடு போனால் புது ஸ்பிறிங் போதும். உடலோடு நின்றால் உடல் நசிந்தது அல்லது பொருந்தாதது. அதற்கு மருந்தில்லை, துப்பாக்கி செய்த கம்பெனியின் மகசினையே அனுமதி பெற்ற விற்பனையாளர் மூலம் எடுங்கள். இரண்டு மகசினிலும் சிக்கத் தொடங்கினால் மட்டும் எக்ஸ்ட்ராக்டர், கொக்கி, பின்னுதைப்பு ஸ்பிறிங் என்று துப்பாக்கிக்குள் தேடலாம். அதுவும் திருத்த அனுமதியுள்ளவரிடம்.

கையால் மெதுவாக இழுத்து ஓடியது சுடும்போதும் ஓடும் என்று உறுதி இல்லை. ஸ்லைட்டின் வேகம் வேறு. ஆகவே கடைசிச் சோதனை அனுமதிக்கப்பட்ட திடலில். முழுக்க நிரப்பி ஒருமுறை, மூன்று மட்டும் போட்டு ஒருமுறை, ஒன்று மட்டும் போட்டு ஸ்லைட் திறந்து நிற்கிறதா என்று இரண்டு மூன்று முறை. உங்கள் கோளாறு கடைசி ரவைகளில் என்பதால் மூன்று போட்டுச் சுடுவதே கூடுதல் சொல்லும், ரவையும் மிச்சம். ஸ்லைட் நிற்காத வேளையில் உங்கள் பெருவிரல் ஸ்ரொப் நெம்பின் மேல் கிடக்கிறதா என்றும் பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். விசையை இழுத்தும் வெடிக்கவில்லையென்றால் துப்பாக்கியை இலக்குப் பக்கமே பிடித்தபடி அரை நிமிடமாவது பொறுத்து, பிறகு ஸ்லைட்டை இழுங்கள். வழமையைவிட மெல்லிய ‘பொக்’ என்ற சத்தத்தோடு ஒரு ரவை போனால் அடுத்ததைச் சுடவே கூடாது: மகசினைக் கழற்றி, சேம்பரைக் காலியாக்கி, பரலுக்குள் ஈயம் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.