பல் வலி தானாக நின்றுவிட்டால் குணமாகிவிட்டதா? கேள்விகளும் பதில்களும்

பல், ஈறு பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். மாத்திரையின் பெயரை மட்டும் சொன்னால் போதும் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். வாயைத் திறந்து பார்க்காமல் மருந்து சொல்வது சரியில்லை.

மேடம், கீழ்க் கடைவாய்ப் பல்லில் இரண்டு வாரமாக உயிர் போகிற வலி. ராத்திரி படுத்தால் இன்னும் அதிகம். முந்தாநாள் தானாகவே நின்றுவிட்டது. இனி டாக்டரிடம் போக வேண்டியதில்லைதானே? (திருச்சி)

கட்டாயம் போக வேண்டும். பல்லின் நடுவே நரம்பும் ரத்தக் குழாயும் சேர்ந்த மெல்லிய சதை இருக்கிறது. சொத்தை அதை எட்டியதும் சதை வீங்கப் பார்க்கும். சுற்றிலும் கெட்டியான பல் என்பதால் வீங்க இடமில்லை, உள்ளே அழுத்தம் ஏறுகிறது. படுக்கும்போது தலைப் பக்கம் ரத்த அழுத்தம் கூடுவதால் இரவில் வலி தாங்க முடியாது. சில நாளில் அந்தச் சதை செத்துப்போகும், வலியும் நின்றுவிடும். கிருமி மட்டும் அங்கேயேதான் இருக்கிறது. வேரின் நுனி வழியாக மெல்ல எலும்புக்குள் இறங்கும். சில மாதம் கழித்து ஈறில் சின்னக் கொப்புளம் வந்து சீழ் வடிந்தால், அது இந்த வலியின் தொடர்ச்சிதான்.

குளிர்ந்த தண்ணீர் பட்டதும் கூசி, சில வினாடியில் மறைந்தால் பெரும்பாலும் ஃபில்லிங் போதும். கூச்சம் நிமிடக்கணக்கில் நீடித்தாலோ, சூடான காபிக்கு வலித்தாலோ, தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ வேர் சிகிச்சை (ரூட் கேனால்) வரைக்கும் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலி நின்ற பிறகும் நேரம் இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் பல்லைக் காப்பாற்ற முடியுமா என்பது தெரிந்துவிடும்.

ரூட் கேனால் என்றாலே பயமாக இருக்கிறது. ரொம்ப வலிக்குமா? கேப் போட்டே ஆக வேண்டுமா, இல்லை காசுக்காகச் சொல்கிறார்களா? (சேலம்)

மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்கிறோம். ஊசி குத்தும்போது சுருக்கென்று இருக்கும். அதன் பிறகு அழுத்துவது தெரியும், வலி தெரியாது. சீழ் பிடித்து வீங்கிய நிலையில் வருபவர்களுக்கு மருந்து சரியாக வேலை செய்யாது. சீழ் பிடித்த இடத்தின் அமிலத்தன்மை அதன் வீரியத்தைக் குறைத்துவிடுகிறது. "எனக்கு ரூட் கேனால் பயங்கரமாக வலித்தது" என்பவர்களில் பலர் அந்த நிலையில் போனவர்களாகத்தான் இருப்பார்கள்.

மேல் முன்பல்லில் ஒரு வேர்க்குழாய்தான். கடைவாய்ப் பல்லில் மூன்று, சிலருக்கு நான்கு. ஒவ்வொன்றையும் சுத்தம் செய்து, ஒருவகை மரப்பாலிலிருந்து எடுக்கும் கட்டா பெர்ச்சா என்ற பொருளால் அடைக்கிறோம். அதனால்தான் கடைவாய்ப் பல்லுக்கு நேரமும் செலவும் கூடுதல்.

கேப் பற்றி: சொத்தை தின்றதும் நாங்கள் திறந்ததும் போக, மிஞ்சுவது மெல்லிய சுவர்தான். கடைவாய்ப் பல் தினமும் மெல்லும் பாரத்தைத் தாங்க வேண்டும். கேப் இல்லாவிட்டால் ஒருநாள் முறுக்கோ எலும்போ கடிக்கும்போது நெடுக்கில் பிளந்துவிடும். வேர் வரை பிளந்த பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும். அதுவரை செய்த செலவு அத்தனையும் வீண். அதிகம் சிதையாத முன்பல்லுக்குக் கேப் தேவைப்படாமலும் இருக்கலாம்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று அம்மா விட மறுக்கிறார். (விருதுநகர்)

பார்வைக்கான நரம்பு வேறு, பல்லின் நரம்பு வேறு. மூளையிலிருந்து வரும் நரம்பு ஜோடிகளில் பார்வை இரண்டாவதையும், பல்லின் உணர்வு ஐந்தாவதையும் சேர்ந்தது. நாற்பது வயதைத் தாண்டும்போதுதான் பலருக்குப் பல் எடுக்க நேர்கிறது. வெள்ளெழுத்தும் அதே வயதில் வருவதால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். உண்மையில் கண்ணுக்கு அருகே ஆபத்து வரக்கூடியது மேல் பல்லில் சீழ் கட்டி, அதை எடுக்காமல் வைத்திருக்கும்போதுதான். அம்மாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். பிள்ளை மேலுள்ள பயம்தான் அவரைத் தடுக்கிறது.

எங்கள் ஊரில் கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்துப் பல்லிலிருந்து புழு எடுக்கிறார்கள். நானே கண்ணால் பார்த்தேன். (தேனி)

நீங்கள் பார்த்தது பொய்யில்லை. வெள்ளையாக ஏதோ விழுந்திருக்கும். சூட்டில் விதை வெடித்து உள்ளிருக்கும் முளை வெளியே தெறிக்கும்போது புழு மாதிரியே இருக்கும். பல்லில் புழு கிடையாது. சொத்தையை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. நாம் சாப்பிடும் சர்க்கரையை அது அமிலமாக்குகிறது. வாயின் பி.எச்., அதாவது அமிலம் கூடக் கூடக் குறையும் அளவு, 5.5-க்குக் கீழே போனால் பல்லின் மேற்பூச்சு கரையத் தொடங்கும். ஒவ்வொரு முறை இனிப்பு சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் போல இந்த நிலை நீடிக்கிறது. அதனால் எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பது முக்கியம். சாப்பாட்டோடு சேர்த்து ஒரு லட்டு சாப்பிடுபவரைவிட, நாள் முழுக்கச் சர்க்கரை போட்ட டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பவருக்கே சொத்தை அதிகம்.

பல் கிளீனிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்கிறார்களே? (கோவை)

ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே படிந்து இறுகிய காரை, எலும்பை அரிக்கத் தூண்டிக்கொண்டே இருக்கும். எலும்பு குறைந்த பல் ஏற்கெனவே ஆடத் தொடங்கியிருக்கும், காரை அதை ஒட்டிப் பிடித்து வைத்திருக்கும். எடுத்ததும் ஆட்டமும் இடைவெளியும் வெளியே தெரிகின்றன. சில நாள் கூச்சம் இருக்கும், பிறகு அடங்கும். பல் துலக்கும்போது ரத்தம் வந்தால் அந்த இடத்தைத் தொடாமல் விடாதீர்கள். மென்மையான பிரஷ்ஷால் அங்கேதான் நன்றாகத் துலக்க வேண்டும்.

ஆறு வயது மகனுக்குக் கடைசிப் பல்லில் கறுப்பாக இருக்கிறது. பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடலாமா? (மதுரை)

இந்தக் கேள்விக்குப் பெற்றோர் எல்லோரும் கொஞ்சம் நேரம் கொடுங்கள். ஆறு வயதை ஒட்டி, பால் பற்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் சத்தமில்லாமல் வருவதால் அதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறோம். அது நிரந்தரப் பல். மறுபடி முளைக்காது. பிள்ளையின் வாயில் ஒவ்வொரு பக்கமும் நடுவிலிருந்து எண்ணுங்கள். பால் பற்கள் ஐந்துதான். ஆறாவதாக இருப்பது வாழ்நாள் முழுவதற்குமான பல். உங்கள் மகனுக்குக் கறுத்திருப்பது அதுவாக இருந்தால் இந்த வாரமே காட்டுங்கள்.

ஒருவேளை அது பால் பல்லாகவே இருந்தாலும் விட்டுவிடக் கூடாது. பின்பக்கப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. முன்கூட்டியே போனால் பக்கத்துப் பல் சரிந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். பிறகு கம்பி கட்டும் வேலை வரும். குழிகள் ஆழமாக உள்ள பல்லுக்குச் சொத்தை வருமுன்பே குழியை மூடும் சீலன்ட் என்ற பூச்சைப் பூசலாம். வலியே இல்லாத சின்ன வேலை அது.

கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கவிடாதீர்கள். முதல் பல் வந்ததிலிருந்து, மூன்று வயது வரை அரிசி அளவு, அதன் பிறகு ஆறு வயது வரை பட்டாணி அளவு ஃப்ளூரைடு பேஸ்ட் போதும். விளம்பரத்தில் வருவது போல பிரஷ் முழுக்கப் பிதுக்க வேண்டாம்.

தருமபுரி பக்கம் பிறந்து வளர்ந்தவன். பல்லெல்லாம் பழுப்புக் கறை. எத்தனை துலக்கினாலும் போகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் சிரிக்கவே கூச்சமாக இருந்தது.

தம்பி, இதில் உங்கள் சுத்தத்தின் மேல் ஒரு குறையும் இல்லை. உங்கள் பகுதி நிலத்தடி நீரில், பாறையிலிருந்து கரைந்த ஃப்ளூரைடு அதிகம். ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியக் குடிநீர்த் தரம் சொல்கிறது. அதைவிடக் கூடுதலான தண்ணீரைச் சிறுவயதில், தாடைக்குள் பல் உருவாகும் காலத்தில் குடித்தால் மேற்பூச்சு சரியாக இறுகாது. அந்தக் கறை பல்லுக்குள்ளேயே இருப்பது. கரித்தூள், உப்பு, செங்கல் பொடி என்று எதைத் தேய்த்தாலும் பல்தான் தேயும்.

லேசான கறையை மைக்ரோ அப்ரேஷன் என்ற முறையில் மேற்புறத்தை மெல்லியதாகச் சீராக்கியும், பிளீச்சிங் செய்தும் குறைக்கலாம். ஆழமாக இருந்தால் பல் நிறப் பூச்சோ, வெனீர் என்ற மெல்லிய ஓடோ வைக்கலாம். சரிசெய்யக்கூடியதுதான், மனம் தளர வேண்டாம்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் போர் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்காதீர்கள். கொதிக்க வைத்தால் ஃப்ளூரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஜப்பான் கடனுதவியுடன் காவிரி நீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டதே இந்தப் பாதிப்பைக் குறைக்கத்தான். அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, போர் தண்ணீரைத் துவைக்கவும் குளிக்கவும் பயன்படுத்துங்கள்.

அப்பாவுக்கு இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார், சுகரும் உண்டு. பல் எடுக்க மாத்திரையை நாமே ஐந்து நாள் நிறுத்தலாமா? (தஞ்சாவூர்)

நிறுத்தாதீர்கள். பல் எடுத்த இடத்தில் கசியும் ரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்திவிடலாம். ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து. இதய மருத்துவர் சொன்னால் மட்டுமே மாற்றம். அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரைச் சீட்டுகளையும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும், அவர்களுக்கு முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தேவைப்படும்.

சுகர் கட்டுப்பாட்டில் இருந்தால் தயங்காமல் பல் எடுக்கலாம். காலையில், சாப்பிட்டு, வழக்கமான மருந்தையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஈறு நோய்க்கும் சுகருக்கும் இருவழி உறவு உண்டு. சுகர் ஏறினால் ஈறு கெடும். ஈறில் தொற்று இருந்தால் சுகர் இறங்காது.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று தாத்தா வேப்பங்குச்சிதான். தொண்ணூறு வயது வரை ஒரு பல்கூட விழவில்லை. பேஸ்ட் எதற்கு? (புதுக்கோட்டை)

தாத்தா நாள் முழுக்கச் சர்க்கரை போட்ட டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டிருக்க மாட்டார். குச்சி நல்லதுதான். உட்புறத்துக்கும் கடைசிப் பல்லுக்கும் அது எட்டாது, சொத்தையைத் தடுக்கும் ஃப்ளூரைடும் அதில் இல்லை. காலையில் குச்சி, இரவு படுக்கும் முன் பேஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு துலக்குவதைத் தவறவிடாதீர்கள். தூங்கும்போது எச்சில் குறைந்துவிடுவதால் பல்லுக்குப் பாதுகாப்பு இருக்காது.

ஐந்து மாதக் கர்ப்பம். பல் வலி. குழந்தை பிறக்கும் வரை தாங்கிக்கொள்கிறேன். (சென்னை)

வேண்டாம் அம்மா. நான்கிலிருந்து ஆறாவது மாதம் வரை சிகிச்சைக்கு மிக வசதியான காலம். மரத்துப்போகும் ஊசி போடலாம். தேவைப்பட்டால் தடுப்பு அங்கியோடு எக்ஸ்ரேயும் எடுக்கலாம். கர்ப்பம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருந்துக் கடையில் நீங்களாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

லாரி ஓட்டுகிறேன். பத்து வருஷமாகப் பாக்கு மெல்லும் பழக்கம். இப்போது குழம்பு பட்டால் வாய் எரிகிறது, வாயை முழுசாகத் திறக்க முடியவில்லை. (நாமக்கல்)

அண்ணே, உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக வைத்து வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் கன்னத்தின் உட்சதை நார் நாராக இறுகத் தொடங்கியிருக்கலாம். இதற்குப் பாக்குதான் காரணம். புகையிலை கலக்காத பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. சாதாரணப் பாக்குதானே என்று நினைக்காதீர்கள்.

இறுகிய சதை பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவது கடினம். இன்றோடு நிறுத்தினால் மேலும் இறுகாமல் தடுக்கலாம், பயிற்சியாலும் மருந்தாலும் கொஞ்சம் திறக்கவும் வைக்கலாம். தூக்கம் வராமலிருக்க மெல்லுகிறீர்கள் என்று தெரியும். அந்தத் தொழிலின் கஷ்டம் புரிகிறது. மாற்று வழிகளைப் பேசுவோம், முதலில் அரசு மருத்துவமனைக்கு வந்து காட்டுங்கள்.

மற்றவர்களும் கேளுங்கள்: வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படலம், கழுத்தில் கட்டி. இவற்றில் எது இருந்தாலும், வலிக்காவிட்டாலும், காட்ட வேண்டும். வாய்ப் புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

கையில் பணமில்லை. எங்கே போவது? (விழுப்புரம்)

மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி உண்டு. சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசுக் கல்லூரிகள் உள்ளன. தனியார் கல்லூரி மருத்துவமனைகளில் மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்தில் செய்கிறார்கள். நேரம் பிடிக்கும், வேலை ஒழுங்காக இருக்கும்.

விளையாடும்போது மகளின் முன்பல் வேரோடு விழுந்துவிட்டால் என்ன செய்வது? (ஈரோடு)

நிரந்தரப் பல்லாக இருந்தால், வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கு இருந்தால் தண்ணீரில் லேசாக அலசினால் போதும், தேய்க்கக் கூடாது. முடிந்தால் அதே குழியில் திரும்பப் பொருத்தித் துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஆறிய பாலில் போட்டு எடுத்து வாருங்கள். அரை மணிக்குள் வந்தால் பல் ஒட்டிக்கொள்ள நல்ல வாய்ப்பு. காகிதத்தில் மடித்துக் காயவிட்டால் கஷ்டம். பால் பல்லாக இருந்தால் திரும்பப் பொருத்தக் கூடாது.

கன்னம் வீங்கியிருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் மூன்று நாள் மாத்திரை வாங்கிப் போட்டேன், கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. (கடலூர்)

மாத்திரை சீழைக் கொஞ்சம் அடக்கும். சீழுக்குக் காரணமான பல் அப்படியே இருப்பதால் வீக்கம் திரும்ப வரும். நாளைக்கே போய்க் காட்டுங்கள். வீக்கம் தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் இறங்கினாலோ, நாக்கு மேலே தூக்கினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ, காய்ச்சலோடு மூச்சு வாங்கினாலோ பல் கிளினிக்கைத் தேட வேண்டாம். எந்த நேரமானாலும் 108-ஐ அழைத்து அரசுத் தலைமை மருத்துவமனைக்குப் போங்கள்.